குனிந்த முதுகுகளிடம் சொன்னது

ரெமெய் ஃபெர்ராகுட்டிடம் ரகசியம் தங்காது. ரோகசெக்கா ஊர்ச் சந்தையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மீன்கடைக்காரி, ஓட்டை வாய்க்காரி, நல்ல மனசுக்காரி என்று மூன்றும் ஒரே மூச்சில் வரும். அப்படிப்பட்டவள் தாரகோனா நகரத்தில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, நாற்பத்துநாலு வயதில் அவளுக்கென்று சொந்தமாக ஒரு ரகசியம் வந்து சேர்ந்திருந்தது. அதுவும் எப்பேர்ப்பட்ட ரகசியம்!

மருத்துவர் சொன்னது இதுதான். அவளுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது. இன்று நேற்று வந்ததில்லை, பிறந்ததிலிருந்தே கூட இருப்பது.

"மறதி, அவசரம், கைகால் சும்மா இருக்காம துறுதுறுங்கறது, ஒரு வேலை பாதியில இன்னொண்ணுக்குத் தாவறது, எல்லாம் இதுல அடக்கம். இது உங்க குணக்கேடு இல்ல. சோம்பேறித்தனமும் இல்ல" என்றார் அந்த டாக்டரம்மா.

ரெமெய் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்." அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அளவு பிடிபடக் கொஞ்ச காலம் ஆகும், ஒரே நாளில் எதுவும் மாறிவிடாது என்றும் சொன்னார். அதெல்லாம் இவள் காதில் பாதிதான் ஏறியது.

அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வந்ததோ கால் தரையில் பாவாத சந்தோஷம். ரயிலில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் ஜன்னலோரமாக உட்கார விடாமல் நடு வரிசைக்கு இழுத்து வந்த டீச்சர், குளிர்பதன அறைக்குள் சாவியை வைத்துப் பூட்டிய காலைகள், கல்யாண மோதிரத்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று ஐஸ் பெட்டிக்குள் வைத்து மறந்துபோய், பாதிரியார் காத்திருக்க மாப்பிள்ளையே ஓடிப்போய் மீன்களுக்கு நடுவிலிருந்து எடுத்து வந்தது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. "அட, அதுவும் இதனாலதான்!" என்று ஒவ்வொன்றுக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்ததில் இறங்கவேண்டிய ஊர் போய்விட்டது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கினாள். "இதுவும் இதனாலதான்!" என்று பிளாட்பாரத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் தன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் கொட்டிவிட்டாள். ஜோஃப்ரே எலக்ட்ரீஷியன். எதையும் அலட்டிக்கொள்ளாத ஆள்.

"அப்ப இத்தனை வருஷமா நான் கத்தினதெல்லாம் அந்த நாலு எழுத்தப் பாத்துத்தானா?" என்றான். பிறகு அவளை இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தான். "பேரு என்னவா வேணா இருக்கட்டும். மாத்திரைய எங்க வெச்ச?"

ரெமெய் பையைத் துழாவினாள். வழியில் வாங்கிய மாத்திரை ரயிலிலேயே போய்விட்டிருந்தது.

அடுத்ததாகத் தெரிந்துகொண்டவள் அக்கா டோல்சா. நகராட்சி அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். ஊரில் எவர் வாயில் எது எப்படித் திரியும் என்று அவளுக்கு அத்துப்படி. சொல்லி முடிப்பதற்குள் கையை நீட்டித் தங்கையின் வாயைப் பொத்தினாள்.

"போதும். இத இங்கயே விட்டுடு. வேற யாருக்கிட்டயும் மூச்சு விடாத."

"ஏங்க்கா? நான் என்ன திருடினேனா?"

"சின்னதுல உன்னக் காத்துத்தலை, காத்துத்தலைன்னு கூப்பிட்டாங்களே, அப்ப யாருடி தெருத்தெருவாப் போய் சண்டை போட்டா? நான்தான். மண்டைல முடிய புடிச்சு இழுத்திருக்கேன் ஒருத்திய. இப்ப எனக்கு அம்பது ஆகுது. இன்னும் எத்தனை பேரோட முடியப் புடிக்கறது?"

"இது கேலி பண்ற விஷயம் இல்லக்கா."

"கேலி மட்டும் பண்ணினா பரவாயில்லயே. இனிமே நீ ஒரு மீனத் தப்பா நிறுத்தாலும் அந்த நாலு எழுத்துதான் நிறுத்துச்சுன்னுவாங்க. கோபுரத்துப் பக்கமே உன்ன விடமாட்டாங்க. போய் தெக்லா கிட்ட சொல்லிப் பாரு, தெரியும்."

கோபுரம் என்ற சொல் வந்ததும் ரெமெய்யின் வாய் தானாக மூடிக்கொண்டது.

ரோகசெக்காவில் கோபுரம் என்றால் கல் கட்டடம் இல்லை. மனிதர் தோள்மேல் மனிதர் ஏறி நிற்பது. ஊரில் பாதிப் பேர் அந்தக் குழுவில்தான் இருந்தார்கள். தலைவி தெக்லா, லாரி ஓட்டுபவள், ஒவ்வொருவருடைய தோள் உயரமும் முட்டி வலியும் மனப்பாடமாக வைத்திருப்பவள். ஜோஃப்ரே அடிக்கூட்டத்தில் நிற்பவன். ரெமெய் பதினைந்து வயதிலிருந்து கிரல்லா ஊதுபவள். நம் நாதஸ்வரத்தைக் கையளவுக்குக் குறுக்கியது போன்ற குழல் அது. சீவாளியை வாயில் ஈரப்படுத்திக்கொண்டு அவள் ஊத ஆரம்பித்தால், ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நில்லாத அவள் தலைக்குள் எல்லாம் அடங்கிவிடும். அந்த அமைதிக்காகவே அவள் ஊதினாள்.

கோபுரத்தில் கிரல்லா வெறும் மேளதாளத்துக்காக இல்லை. அடிக்கூட்டத்தில் இருநூறு பேர் ஒருவர் முதுகில் ஒருவர் நெஞ்சை அழுத்தி, கைகளை நீட்டி, மோவாயை மார்பில் வைத்துக் குனிந்து நிற்பார்கள். தலைதூக்கக் கூடாது. மேலே நடப்பது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. எந்த அடுக்கு ஏறுகிறது, எப்போது கடைசியாக ஏறும் உச்சிப் பிள்ளை முகட்டைத் தாண்டிக் கை உயர்த்தியது, எல்லாம் கிரல்லா சொல்லித்தான் தெரியும். அந்தக் கை உயரும் கணத்துக்குச் சிறகு என்று பெயர். அதற்கென்று ஒரு தனி இசைவரி இருக்கிறது. அது கேட்டால் உச்சி தொட்டாயிற்று, பிள்ளை மறுபக்கம் இறங்குகிறது, பாரம் இடம் மாறப்போகிறது என்று அர்த்தம். கீழே எல்லோரும் அதற்கேற்பப் பிடியை மாற்றுவார்கள்.

போன வருஷத் திருவிழாவில் ரெமெய் அந்த வரியை முன்கூட்டியே ஊதிவிட்டாள். பிள்ளை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. இவள் மனசு ஏற்கெனவே கையை உயர்த்தியிருந்தது. கீழே பிடி மாறியது, மேலே பாரம் மாறவில்லை, கோபுரம் உளுந்து மூட்டை மாதிரி சரிந்தது. அடிக்கூட்டத்தின் தோள்கள்மேல் விழுந்ததால் சிராய்ப்போடு போயிற்று. கண்ணில் வெயில் அடித்தது என்று ரெமெய் சொன்னாள், எல்லோரும் நம்பினார்கள். அன்றிலிருந்து முதல் கிரல்லா நர்சீஸுடையது. தலை எண்ணெய் மணக்க, மீசையை முறுக்கிக்கொண்டு ஊதும் மருந்துக்கடைக்காரன். ரெமெய் அவன் பின்னால் இரண்டாவது குரல்.

அந்த நர்சீஸுக்குக் கடைவாய்ப் பல் அழுகி, தாடையைக் கிழித்துத் தையல் போட்டார்கள். திருவிழா நெருங்கிவிட்டது. இந்த வருஷம் குழு தன் சரித்திரத்தில் முதல்முறையாக அடுக்குக்கு மூன்று பேராக எட்டு அடுக்கு ஏறப் போகிறது. தெக்லா மீன்கடைக்கு நேரே வந்து நின்றாள்.

"முதல் கிரல்லா நீதான். முடியுமா?"

ரெமெய்யின் கையிலிருந்த கணவாய் நழுவித் தரையில் விழுந்தது. "முடியும்! முடியும் தெக்லா! முடியும்!"

"ஒரு தடவை சொன்னா போதும்" என்று சொல்லி, அரைக் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு தெக்லா போய்விட்டாள்.

அன்றைக்கு முழுக்க ரெமெய்க்குத் தலைகால் புரியவில்லை. கேட்டவர்களுக்குக் கேட்டதற்கு மேல் அள்ளிப் போட்டாள். ஆனால் கடையை மூடிக் கழுவிவிடும்போது போன வருஷத் திருவிழா நினைவுக்கு வந்தது. அன்று கண்ணில் அடித்தது வெயில் இல்லை. அவளுக்கு இப்போது அது எதுவென்று தெரியும். ஆபத்தான இடத்தில் அவள் தவறுவதில்லை. அடுக்கு ஏற ஏற அவள் கவனம் ஊசி முனையில் நிற்கும். முகடு நெருங்கும்போதுதான் சந்தோஷம் முந்திக்கொண்டு பாய்கிறது. மூளை முன்னால் ஓடிவிடும், வாய் அதன் பின்னாலேயே ஓடும். தெக்லாவிடம் சொன்னால், முதல் கிரல்லா போய்விடும். சொல்லாவிட்டால், குனிந்து நிற்கும் இருநூறு பேர் அவளை நம்பிக் குனிந்திருப்பார்கள்.

"சொல்லிடவா?" என்று ஜோஃப்ரேயிடம் கேட்டாள்.

"நானும்தான் அங்க குனிஞ்சு நிக்கறவன்" என்றான் அவன் பாத்திரம் துடைத்துக்கொண்டே. "எனக்குத் தெரியும், நான் நிக்கறேன். மத்தவனுக்குத் தெரியணுமா வேணாமாங்கறது உன் பாடு. நான் ஒண்ணு சொல்லி அப்புறம் வாழ்க்கை பூரா குத்திக்காட்டுவ."

"ஒரு உதவியும் இல்ல உன்னால."

"பாத்திரம் துடைக்கறேனே."

டோல்சா தினமும் வந்து நினைவூட்டிவிட்டுப் போனாள். "ஞாயித்துக்கிழமை முடியட்டும். அப்புறம் ஊரக்கூட்டி சொல்லு. நானே மைக்கு வாங்கித் தரேன்." கடைசியில் ரெமெய் அதற்கே வந்தாள். திருவிழா முடியும்வரை வாயைத் திறப்பதில்லை. எப்படியாவது மனசைக் கட்டிப்போட்டுக்கொள்வது. முடிவெடுத்ததும் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். நிம்மதி வரவில்லை. ரகசியம் வைத்துப் பழகாதவளுக்கு அது எவ்வளவு கனமாக இருக்கும் என்று பழகியவர்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மாலை கடைசி ஒத்திகை. பழைய திராட்சைக் கிடங்கில், அடிக்கூட்டத்தின் தலைக்கு மேலே வலை கட்டி, ஆறு அடுக்கு மட்டும். கிடங்கு நிறைய வியர்வையும் உற்சாகமும். உச்சிப் பிள்ளை மிரேயா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா எல்விரா சுவரோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தாடையில் கட்டுப்போட்ட நர்சீஸும் வந்திருந்தான். பேச முடியாது, போகவும் மனசில்லை. ரெமெய் எப்படி ஊதுகிறாள் என்று பார்த்துக் குறை கண்டுபிடிக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

"கட்டு!" என்று தெக்லா கத்தினாள். முதுகோடு நெஞ்சு நெருங்கி அடிக்கூட்டம் இறுகியது. முதல் அடுக்கு, அதன் தோள்மேல் இரண்டாவது, மூன்றாவது ஏறி நின்றதும் ரெமெய் ஊத ஆரம்பித்தாள். முரசு கூடவே வந்தது. எவ்வளவு அழகாகப் போயிற்று! ஒவ்வொரு அடுக்கும் ஏறுவதை அவள் ஊதிக் கீழே அனுப்பினாள், கீழேயிருந்து ஒரு மூச்சு மேலே எழுந்தது. மிரேயா குரங்குக்குட்டி மாதிரி ஏறினாள். இடுப்புப் பட்டையில் கால், தோளில் கால். முகட்டில் கை வைத்தாள்.

சிறகு வரி ரெமெய்யின் குழலிலிருந்து பறந்துவிட்டது.

மிரேயா இன்னும் முகட்டைத் தாண்டவில்லை. கீழே பிடி மாறியது. மேலே மூன்றாம் அடுக்கில் ஒருவன் முட்டி மடங்கியது, மிரேயா வலையில் போய்ப் பொத்தென்று விழுந்து, பந்து மாதிரி ஒரு தடவை எழும்பி, உட்கார்ந்துகொண்டாள். வலை இருந்ததால் ஒன்றும் இல்லை. எல்விராவின் அலறல் மட்டும் கூரையில் முட்டித் திரும்பி வந்தது.

"ஆடாதீங்க! அப்படியே நில்லுங்க!" என்றாள் தெக்லா. மேல் அடுக்குகள் இன்னும் தோள்களில் இருந்தன. அவர்கள் இறங்கும்வரை அடிக்கூட்டம் குனிந்தே நிற்க வேண்டும். தெக்லா திரும்பினாள். "ரெமெய்! என்னது அது?"

ரெமெய்யிடம் பொய் தயாராக இருந்தது. ஒரு வாரமாகவே தயார் செய்து வைத்திருந்தாள். "சீவாளி..." என்று ஆரம்பித்தாள். "சீவாளி காஞ்சு..."

அந்த முதுகுகள் கண்ணில் பட்டன. வட்டம் வட்டமாக, நனைந்து, நடுங்கி, ஒன்றும் தெரியாமல். அதில் எது ஜோஃப்ரேயின் முதுகு என்றுகூட அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோல இருந்தன. ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. அவள் ஊதியதைக் கேட்டுப் பிடியை மாற்றியவர்கள், அடுத்து அவள் என்ன ஊதுவாள் என்று இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"சீவாளி இல்ல!" என்று அவள் கத்தினாள். "நான்தான்! எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு! போன வருஷமும் வெயில் இல்ல, நான்தான்! அந்தப் புள்ள கை வெச்சதுமே என் மனசு தாண்டிப் போயிடுது, நான் என்ன பண்ணுவேன், எனக்கு சந்தோஷம் தாங்கல! நாப்பத்துநாலு வருஷமா இப்படித்தான் இருக்கேன், இப்பதான் டாக்டர் பேரு சொன்னாங்க! உங்க கிட்ட சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்! சொன்னா முதல் கிரல்லா போயிடும்னு பயம்! நீங்க எல்லாரும் என்னை நம்பிக் குனிஞ்சு நிக்கறீங்க, எனக்கு அது தெரியும், தெரிஞ்சுதான் சொல்லல! அவ்ளோதான்! சொல்லிட்டேன்!"

குனிந்த முதுகுகளின் அடியாழத்திலிருந்து, யாரோ ஒருவர் நெஞ்சு நசுங்கிய குரலில் சொன்னார்.

"ரொம்ப சரி தாயே. மொதல்ல எங்கள இறக்குங்க. அப்புறம் பேசலாம்."

அடிக்கூட்டம் குலுங்கியது. சிரிப்பில்தான். "சிரிக்காதீங்கடா, விழுந்துடும்!" என்று தெக்லா திட்ட, ஒவ்வொரு அடுக்காக இறங்கி, கடைசியில் கூட்டம் பிரிந்தது. முகம் சிவந்து, முடி ஒட்டி, இருநூறு பேரும் திரும்பி ரெமெய்யைப் பார்த்தார்கள். முதுகுகளிடம் சொல்வது சுலபமாக இருந்தது. முகங்களைக் கண்டதும் அவள் குழலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

தெக்லா அவள் எதிரே வந்து நின்றாள்.

"எத்தன நாளா தெரியும்?"

"கொஞ்ச நாளாத்தான்."

"முட்டி வலின்னா ஒருத்தன் எங்கிட்ட சொல்றான். தோள் எறங்கிடுச்சுன்னா சொல்றான். அந்த மார்த்தா கர்ப்பமானத புருஷனுக்கு முன்னாடி எங்கிட்டதான் சொன்னா. எதுக்கு? நான் பாத்து எடத்துல வெக்கணும்னு. நீ மட்டும் என்னைக் கண்ண மூடிக்கிட்டு உன்ன வெக்க விட்டிருக்க."

"எடுத்துடு தெக்லா. நர்சீஸுக்குப் பதிலா வேற யாராவது..."

"வேற யாரு? நர்சீஸ் மூஞ்சியப் பாரு, பூசணிக்கா மாதிரி இருக்கு. இல்ல, நீ ஊதறத மாதிரி ஊத ஆள் இருக்கா இந்த ஊர்ல? ஏறும்போது எப்படி ஊதின? எனக்கே தோள்ல ஏறணும் போல இருந்துச்சு." தெக்லா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அந்த ஒரே எடத்துல மட்டும் கோளாறு. அப்ப அந்த எடத்துக்குத்தான் ஆள் வேணும்."

"என் பொண்ணு மேல நிக்கறா!" என்றாள் எல்விரா. மகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "உங்க விளையாட்டுக்கு நான் அவளத் தர முடியாது. ரெமெய், உம்மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா நான் எதை நம்பி அனுப்பறது?"

அந்தக் கேள்வி நியாயமானது. ஒரு வாரமாக ரெமெய்யே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "அனுப்பாத எல்விரா" என்றாள். "எனக்கே என்னை நம்ப முடியல."

அப்போது நர்சீஸ் எழுந்து வந்தான். கட்டுப்போட்ட தாடையோடு ஏதோ முனகினான். யாருக்கும் புரியவில்லை. எரிச்சலோடு கையை ஆட்டி, ரெமெய்யின் பின்னால் போய் நின்று, அடிக்கூட்டத்தில் முன்னால் நிற்பவனைத் தாங்குவது போலவே, அவள் முதுகின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். மற்றொரு கையால் மேலே காட்டினான். பிறகு முதுகிலிருந்த கையை எடுத்து, ஊது என்பது போல் சைகை செய்தான்.

தெக்லாவுக்குப் புரிந்துவிட்டது. "கை இருக்கறவரைக்கும் ஊதக்கூடாது. கை எடுத்தாதான் சிறகு. அப்படித்தான?"

நர்சீஸ் தலையாட்டினான். ரெமெய்க்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டாள். அவன் வலியில் அலறினான்.

எல்விரா மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை சந்தை திறப்பதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. "ரெமெய், ஒரு கிலோ மத்தி, நாளைக்கில்ல, இன்னிக்கு!" என்று காய்கறிக்காரன் எதிரேயிருந்து கூவினான். ஒருத்தி அவளிடம் வாங்கிய மீனை இன்னொரு தராசில் நிறுத்துப் பார்த்தாள். அது வலித்தது. வேறொருத்தி, "எனக்கும் இதே மாதிரிதான் ரெமெய், ஆனா எனக்கு வயசாச்சு" என்றாள். டோல்சா முகம் சிவக்க வந்தாள். திட்டப் போகிறாள் என்று ரெமெய் தயாரானாள். டோல்சாவோ காய்கறிக்காரன் பக்கம் திரும்பி, "உன் கத்திரிக்காய்க்கு நான் பேரு வெச்சா நீ தாங்குவியா?" என்று ஒரு பிடி பிடித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். பிறகு தங்கையைப் பார்த்து, "சந்தோஷமா இப்ப?" என்றாள்.

"பயமா இருக்குக்கா" என்றாள் ரெமெய். "ஆனா சந்தோஷமாவும் இருக்கு. மூச்சு நல்லா வருது."

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். நகராட்சிக்கு முன்னால் சதுக்கத்தில் எள் போட இடமில்லை. பால்கனிகளில் தலைகள். மிரேயா தலைக்கவசத்தோடு வந்திருந்தாள். எல்விரா அவள் பட்டையைத் தானே இறுக்கிச் சுற்றினாள். ரெமெய் பக்கம் திரும்பாமல், நர்சீஸைப் பார்த்து மட்டும், "அவசரப்பட்டு கைய எடுத்துடாத" என்றாள். அவன் தாடையைத் தொட்டுச் சத்தியம் செய்தான்.

அடிக்கூட்டம் கட்டியது. இருநூறு பேர், அவர்களுக்குப் பின்னால் ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் வந்து முதுகு கொடுத்தார்கள். முதல் அடுக்கு. இரண்டாம் அடுக்கு. மூன்றாவது நின்றதும் ரெமெய் சீவாளியை உதட்டில் வைத்தாள். அவள் முதுகில் நர்சீஸின் உள்ளங்கை சூடாக அழுந்தியது.

ஊதினாள். நாலாவது ஏறியது. ஐந்தாவது. தோள்கள் நடுங்கின, வேட்டியைப் பிழிவது போலத் தசைகள் முறுக்கின, கோபுரம் ஆடியது, நிலைத்தது. சதுக்கமே மூச்சைப் பிடித்தது. ஆறாவது. எட்டு அடுக்கை இந்த ஊர் இதுவரை கண்டதில்லை. உச்சி மட்டும் குறுகும்; ஏழாவதில் சிறுவன் ஒருவன் தனியாகக் குந்தி முதுகு கொடுத்தான். மிரேயா ஏறினாள். ரெமெய்யின் உடம்பெல்லாம் மின்சாரம் ஓடியது. இதோ முகடு! இதோ!

மிரேயா நின்றுவிட்டாள். கீழே குந்தியிருந்தவனின் பட்டை அவிழ்ந்து அவள் கணுக்காலில் சுற்றியிருந்தது. ஒரு கையால் முகட்டைப் பிடித்துக்கொண்டு, காலை உதறினாள். கோபுரம் அடியிலிருந்து அதிர்ந்தது.

ரெமெய்யின் மனசு எப்போதோ தாண்டிவிட்டது. அதற்குக் கை உயர்ந்தாயிற்று, ஊர் ஆர்ப்பரித்தாயிற்று. அவள் உதடு சிறகு வரிக்குக் குவிந்தேவிட்டது. முதுகில் ஐந்து விரலும் நகம் பதிய அழுந்தின. அவள் பழைய வரியையே ஊதினாள். மறுபடியும் அதையே. கண்ணீர் வழிந்தது. மறுபடியும் அதையே. அந்த ஒரு வரியை அவள் எத்தனை முறை ஊதினாள் என்று யாரும் எண்ணவில்லை. ஊதிக்கொண்டே இருந்தாள், கை அழுத்திக்கொண்டே இருந்தது, மேலே ஒரு சின்னக் கால் உதறிக்கொண்டே இருந்தது.

கால் விடுபட்டது. மிரேயா முகட்டைத் தாண்டினாள். வழக்கம்போல நாலு விரலை விரித்துக் கையை வானத்துக்கு உயர்த்தினாள்.

முதுகிலிருந்து கை போயிற்று. ரெமெய் ஊதினாள். வாழ்நாளில் அப்படி ஊதியதில்லை. சதுக்கம் வெடித்தது.

இறங்குவதும் ஏறுவதைப் போலவே கஷ்டம்தான், அதுவும் நடந்தது. கடைசி ஆள் தரை தொட்டதும் கூட்டம் பிரிந்து கத்தியது, அழுதது, யாரோ யாரையோ தூக்கினார்கள். எல்விரா மகளை இடுப்பில் சுமந்துகொண்டு ரெமெய் முன்னால் வந்தாள்.

"உன் தோள் தூக்கிச்சு. நான் பாத்தேன். அவ தாண்டறதுக்கு முன்னாடியே ஊத வந்துட்டல்ல?"

"வந்துட்டேன்."

"அவன் கை இல்லேன்னா?"

"ஊதியிருப்பேன்" என்றாள் ரெமெய்.

எல்விரா மகளை இடுப்பில் ஏற்றிப் பிடித்தாள். "சரி. அடுத்த தடவையும் அவன் நிக்கட்டும். பல்லு சரியானாலும் நிக்கட்டும்" என்று சொல்லி, மிரேயாவின் கையை எடுத்து ரெமெய்யின் கன்னத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜோஃப்ரே அடிக்கூட்டத்தின் நடுவிலிருந்து வெளியே வந்தான். சட்டை கிழிந்திருந்தது. கழுத்தில் யாருடைய முழங்கையோ பதிந்த தடம்.

"எல்லாரும் பயந்தீங்களா உள்ள?" என்று ரெமெய் கேட்டாள். "ரொம்ப நேரம் ஆயிடுச்சே."

"பயமா? எனக்குப் பின்னாடி நின்னவன் நடுங்கிட்டான். 'என்னடா ஆச்சு மேல, ஏன் இவ்ளோ நேரம்'னு பொலம்ப ஆரம்பிச்சுட்டான். நீயோ அந்த ஒரே வரிய ஊதிட்டே இருக்க. அப்ப யாரோ ஒருத்தன், யாருன்னு தெரியல, குனிஞ்ச வாக்குல சொன்னான். 'அவ இன்னும் சொல்லலடா. சொல்லுவா. புடி.' பக்கத்துல இருந்தவன் அதையே சொன்னான். அப்புறம் எல்லாரும். 'சொல்லுவா, புடி. சொல்லுவா, புடி'ன்னு உள்ளயே ஓடிச்சு. கையெல்லாம் போச்சு எனக்கு. ஆனா ஒருத்தன் விடல, ரெமெய். நீ சொல்ற வரைக்கும் ஒருத்தன் விடல."

ரெமெய் அவனுடைய நனைந்த சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சதுக்கத்தின் நடுவில், ஊரே பார்க்க ஓவென்று அழுதாள்.